தங்கிப் படிக்க வேண்டிய படிப்பு

போன ஐப்பசியில் எங்கள் தெருவுக்கு ஒரு வேன் வந்தது. சோளக்காட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் சின்ன ஊர் எங்களுடையது. இங்கே வேன் வந்தால் தேர்தலாக இருக்கும், கல்யாணமாக இருக்கும், அல்லது மிளகும் அன்னாசியும் வாங்க வரும் வியாபாரியாக இருக்கும். இது மூன்றும் இல்லை. வெள்ளைக் கோட்டு போட்ட நாலு இளம் டாக்டர்கள் இறங்கினார்கள். ஆளுக்கொரு டேப்லெட் கையில். வீடு வீடாகப் போய் வாசலில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்கள். வீட்டில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா, தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறீர்களா, கடைசியாக எப்போது ரத்தம் பரிசோதித்தீர்கள், இப்படி நீண்டுகொண்டே போனது. எங்கள் வீட்டில் மட்டும் நாற்பது நிமிஷம் ஆயிற்று.

நல்ல பிள்ளைகள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். என் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் தம்ளரைத் தாங்களே கழுவி வைத்தார்கள். ஆனால் மூன்று மணிக்கே வேன் ஓட்டுநர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மூடுபனி இறங்குவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிக் காரவள்ளி போய்ச் சேர வேண்டும் என்பது அவர் கவலை.

கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பாட்டி அந்தக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எல்லாத்தயும் எழுதிக்கிட்டுப் போறீங்க கண்ணு. என்னா எழுதினீங்கன்னு சொல்றதுக்கு மறுபடி வருவீங்களா?"

"வர்றோம் பாட்டி" என்றது அந்தப் பெண்.

அடுத்த ஐப்பசியும் நெருங்கிவிட்டது. யாரும் வரவில்லை. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் படிக்கிற படிப்பை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் குறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

அவர்கள் எம்.டி. சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு மூன்று வருஷப் படிப்பு. நம்மில் பலருக்கு இப்படி ஒரு மேற்படிப்பு இருப்பதே தெரியாது. இதய டாக்டர் தெரியும், எலும்பு டாக்டர் தெரியும். ஊருக்கு நோய் வராமல் பார்த்துக்கொள்வதற்கென்று ஒரு டாக்டர் உண்டு என்றால், "அப்படியா, கிளினிக் எங்கே வைத்திருக்கிறார்?" என்று கேட்போம்.

ஆனால் நம் வயதுக்காரர்கள் அந்த மருத்துவத்தின் பலனை அனுபவித்தவர்கள். நம் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கையில் அது இல்லை. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை கிடையாது. வீட்டுச் சுவரில் மருந்து அடித்த தேதியை எழுதிவிட்டுப் போகும் மலேரியா ஆட்களை நினைவிருக்கும். காலிலிருந்து புழுவைச் சுற்றி இழுக்கும் நரம்புச்சிலந்தி நோயைப் பார்த்தவர்களும் இதைப் படிக்கிறவர்களில் இருப்பீர்கள். அது 1996-க்குப் பிறகு நம் நாட்டில் ஒருவருக்கும் வரவில்லை. இளம்பிள்ளைவாதம் கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். இவை எவையும் தானாகப் போய்விடவில்லை. யாரோ வீடு வீடாக நடந்தார்கள், யாரோ கணக்கு வைத்தார்கள், அந்தக் கணக்கைப் பார்த்து யாரோ முடிவெடுத்தார்கள். அந்த முடிவெடுப்பவரைத் தயாரிக்கும் படிப்புதான் இது.

இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட உரிமை உண்டு. பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் வைத்திருக்கும் மாநிலம் இது. அந்தத் துறை 2022-இல் நூற்றாண்டு கொண்டாடியது. 1939-லேயே சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் மட்டுமல்லாமல், திருவிழாக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்பதையும் அந்தச் சட்டம் பேசுகிறது. நம் இலட்சுமணசாமி முதலியாரும் உறுப்பினராக இருந்த போர் குழு, 1946-லேயே ஒவ்வொரு மருத்துவ மாணவரையும் சமுதாய மருத்துவராக ஆக்க மூன்று மாதத் தடுப்பு மருத்துவப் பயிற்சி வேண்டும் என்று எழுதியது. ஆக, யோசனைக்கு நமக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இப்போது ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கும் பையனை அந்தேர்ன் என்பார்கள், வீட்டிலிருந்து வந்து போகிறவனை எக்ஸ்தேர்ன் என்பார்கள். உள்ளிருப்பவன், வெளியிலிருந்து வருபவன். மருத்துவமனையில் பயிற்சி பெறும் மாணவருக்கும் பிரெஞ்சில் அந்தேர்ன் என்றே பெயர். பாரிஸ் மருத்துவமனைகளில் 1802 முதல் அந்த வழக்கம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ரெசிடென்ட் என்கிறார்கள். 1889-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை திறந்தபோது வில்லியம் ஆஸ்லர் இளம் மருத்துவர்களை அந்தக் கட்டடத்திலேயே குடிவைத்தார். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு நோயாளிக்கு மூச்சு முட்டினால் எழுந்து ஓடுகிறவர் ரெசிடென்ட். தங்கியிருப்பவர் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருளே.

அறுவை சிகிச்சை படிப்பவர் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டும், ஏனென்றால் அவருடைய நோயாளி அங்கே இருக்கிறார். நோய்த்தடுப்பு படிப்பவருக்கு நோயாளி யார்? ஊர்தான். அப்படியானால் அவர் ஊரில் தங்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

பாடத்திட்டத்தில் கிராமப்புறப் பணி இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்த்த அளவில் அது பெரும்பாலும் காலையில் வேனில் வந்து மாலையில் வேனில் திரும்பும் பணி. எங்கள் பள்ளிக்கூட மொழியில் எக்ஸ்தேர்ன். 2020-இல் ஒரு புது விதி கொண்டுவந்தார்கள். எந்தப் பிரிவில் முதுநிலை படித்தாலும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று. நல்ல விதி. ஆனால் மாவட்ட மருத்துவமனை எது என்பதைப் படுக்கை எண்ணிக்கையை வைத்துத்தான் வரையறுத்தார்கள். அதில்தான் சிக்கல். தடுப்பு மருத்துவம் சரியாக நடந்தால் படுக்கை காலியாக இருக்க வேண்டும். படுக்கையை எண்ணி அந்தப் பயிற்சிக்கு இடம் தேடினால் எங்கள் மலையில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம் கணக்கிலேயே வராது.

தங்குவதால் என்ன வித்தியாசம் வந்துவிடும் என்று கேட்கலாம். நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு மருத்துவப் பெண் ஆய்வுக்காக வந்தார். கர்ப்பிணிகளின் ரத்தசோகை அவருடைய தலைப்பு. தினமும் மலை ஏறி இறங்குவது முடியவில்லை என்று எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அறையை வாடகைக்கு எடுத்து ஒன்றரை மாதம் தங்கினார். கல்லூரி அவரை அப்படித் தங்கச் சொல்லவில்லை. வாடகையும் அவர் கைக்காசுதான்.

முதல் வாரம் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பதிவேட்டின்படி எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கப்பட்டிருக்கிறது. கேட்டால், "தினமும் சாப்பிடறோம்" என்கிறார்கள். ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் ஏறவில்லை. பொய் சொல்கிறார்கள் என்று நினைத்தாராம். மூன்றாவது வாரம் ஒரு நாள் விடியற்காலையில், வேலைக்குக் கிளம்பும் ஒரு பெண்ணின் வீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் மாத்திரையை எடுத்து வாயில் போட்டாள். பக்கத்தில் இருந்த கடுங்காப்பியை எடுத்து மடக்கென்று குடித்தாள். இது காப்பி விளையும் மலை. பால் இல்லாத காப்பித் தண்ணீர்தான் பல வீடுகளில் முதல் ஆகாரம். காப்பியும் தேநீரும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. தினமும் மாத்திரை சாப்பிட்டாள், ஆனால் அதில் பெரும்பகுதி வீணாகப் போய்க்கொண்டிருந்தது.

"அய்யா, என் கேள்வித்தாளில் அறுபது கேள்வி இருக்கு. மாத்திரையை எதோட முழுங்குறீங்கன்னு ஒரு கேள்வி இல்லை" என்று என்னிடம் சொன்னார்.

அன்றே கிராம சுகாதார செவிலியரிடம் பேசினார். இருவரும் சேர்ந்து வீடு வீடாகச் சொன்னார்கள்: மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் தண்ணீரில் சாப்பிடு, கொஞ்சம் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள், காப்பியைத் தள்ளி வை. செலவு ஒரு காசு இல்லை. வேனில் வந்து மூன்று மணிக்குத் திரும்பும் டாக்டருக்கு இது தெரிந்திருக்க வழியே இல்லை, ஏனென்றால் அந்தக் காப்பி விடிவதற்கு முன் குடிக்கப்படுகிறது.

நான் குமாஸ்தாவாக வாழ்ந்தவன். பதிவேட்டின் குணம் எனக்குத் தெரியும். "வழங்கப்பட்டது" என்ற கட்டம்தான் அதில் இருக்கும். "உடம்பில் சேர்ந்தது" என்ற கட்டம் எந்தப் பதிவேட்டிலும் கிடையாது. அந்த இடைவெளியைப் பார்க்கப் பழகுவதுதான் இந்தப் படிப்பு.

குமாஸ்தா என்று சொன்னதும் என் பங்குக்கும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

1980-களில் நான் ஓர் அலுவலகத்தில் பில் பார்க்கும் இருக்கையில் இருந்தேன். ஒரு பயிற்சி நிலையத்திலிருந்து ஜீப் எரிபொருள் பில் வந்தது. பயிற்சி மருத்துவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போய், இரண்டு நாள் தங்கவைத்து, திரும்பக் கொண்டுவந்த செலவு. விதிப்புத்தகத்தைப் புரட்டினேன். நோயாளியை ஏற்றிப் போக எரிபொருள் தரலாம். அதிகாரி ஆய்வுக்குப் போகத் தரலாம். படிக்கிறவர் கிராமத்துக்குப் போவதற்கென்று கணக்குத் தலைப்பு இல்லை. ஆட்சேபம் எழுதித் திருப்பினேன். அவர்கள் விளக்கம் எழுதினார்கள். நான் மறுபடி திருப்பினேன். என் மேலாளர், "சரியாகப் பிடித்தாய்" என்று தட்டிக்கொடுத்தார். அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அந்த ஜீப் போகவில்லை. மழைக்காலத்தில்தான் கிணற்றில் அழுக்கு கலக்கும், வயிற்றுப்போக்கு வரும், ஒரு தடுப்பு மருத்துவர் கற்க வேண்டியதெல்லாம் கண்முன் நடக்கும். அந்த வருஷத்துப் பிள்ளைகள் அதைப் புத்தகத்தில் படித்துத் தேர்வு எழுதினார்கள். என் ஆட்சேபம் விதிப்படி சரி. ஆனால் அந்த ஜீப் எதற்காக ஓடியது என்று நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

இது ஏதோ நம் ஊர்க் குமாஸ்தா புத்தி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவிலும் இதே கதை. அங்கே முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணத்திலிருந்துதான் பெரும்பாலான பயிற்சி மருத்துவர்களுக்குச் செலவாகிறது. அந்தப் பணம் மருத்துவமனை வழியாகப் போகிறது. நோய்த்தடுப்பு பயில்பவர்கள் சுகாதாரத் துறை அலுவலகங்களிலும் மருத்துவமனைக்கு வெளியிலும் பயிற்சி பெறுவதால் அந்தப் பணம் அவர்களை ஒழுங்காக எட்டுவதில்லை. தனி மானியத்தை எதிர்பார்த்து நிற்கிறார்கள். நம் ஊரில் படுக்கையை எண்ணுகிறோம், அங்கே படுக்கை வழியாகப் பணம் போகிறது. இரண்டு இடத்திலும் ஊர் என்பது கணக்குத் தலைப்பில் இல்லை.

நம் மாநிலத்தில் இன்னொரு முடிச்சும் உண்டு. மருத்துவக் கல்லூரிகள் ஓர் இயக்குநரகத்தின் கீழ், மருத்துவக் கல்வி என்ற பெயரில். ஆரம்ப சுகாதார நிலையங்கள் வேறோர் இயக்குநரகத்தின் கீழ், பொது சுகாதாரம் என்ற பெயரில். படிக்கும் பிள்ளை ஒரு வீட்டில், படிக்க வேண்டிய இடம் இன்னொரு வீட்டில். பேராசிரியருக்கு மலையில் அதிகாரம் இல்லை. மாவட்ட சுகாதார அலுவலருக்குப் பாடம் சொல்லித்தரும் கடமை இல்லை. நடுவில் கோப்பு போய் வந்துகொண்டிருக்கும். கோப்பு எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

இதை மாற்ற முடியாதா என்றால், முடியும் என்று காட்டியவர்கள் இருக்கிறார்கள். டில்லி எய்ம்ஸ் 1965 முதல் ஹரியானாவில் பல்லப்கர் வட்டாரத்தைத் தன் பொறுப்பில் எடுத்து நடத்திவருகிறது. தயால்பூர், சாயின்சா என்ற இரண்டு கிராம சுகாதார நிலையங்களில் அவர்களுடைய பயிற்சி மருத்துவர்கள் பணியாற்றுகிறார்கள். எங்கள் புதுச்சேரியில், 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மருக்கு, ராமநாதபுரம் கிராமத்தில் ஒரு சுகாதார நிலையமும் குருசுக்குப்பத்தில் ஒரு நகர்ப்புற நிலையமும் உண்டு. வேலூர் சி.எம்.சி. தன் சமூக மருத்துவத் துறை வழியாக ஜவ்வாது மலை வரைக்கும் போகிறது. அதுவும் எங்களைப் போலவே மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் மலை.

சென்னையில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் ஒரு களப்பயிற்சிப் படிப்பை நடத்துகிறது. படிப்பின் பெரும்பகுதி களத்திலேயே நடக்கும். இதற்கு முன்மாதிரி 1951-இல் அமெரிக்காவில் அலெக்சாண்டர் லாங்முயர் தொடங்கிய பயிற்சி. அந்த அமைப்பின் சின்னம் என்ன தெரியுமா? உலக உருண்டைமேல் ஒரு தேய்ந்த செருப்பின் அடிப்பாகம், அதில் ஒரு ஓட்டை. நடந்து நடந்து செருப்பு தேயாமல் இந்த வித்தை வராது என்று அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் பில் பாஸ் செய்தவன் என்ற முறையில் எங்கே அடைப்பு இருக்கிறது என்று ஓரளவு தெரியும்.

நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். மலையிலிருந்து இறங்கினால் ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம். அந்தக் கல்லூரியோ சேலத்துக் கல்லூரியோ, சமூக மருத்துவம் படிக்கும் ஒவ்வொரு மாணவரையும் மூன்று வருஷத்தில் ஆறு மாதமாவது கொல்லிமலை போன்ற ஓர் இடத்தில் தங்கவைக்கட்டும். அந்த ஆறு மாதத்தில் ஒரு மழைக்காலமும் ஆடி மாதமும் கட்டாயம் வர வேண்டும். ஆடியில் வல்வில் ஓரி விழாவுக்கும் அறப்பளீசுவரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் மலை தாங்காத கூட்டம் வருகிறது. குடிநீரில் குளோரின் எவ்வளவு, கழிப்பறை எத்தனை, சாப்பாட்டுக் கடை எப்படி, குழந்தை தொலைந்தால், பாம்பு கடித்தால் என்ன ஏற்பாடு? 1939 சட்டம் திருவிழாவைப் பற்றி ஏன் பேசியது என்று அந்த நாட்களில் புரிந்துவிடும்.

இரண்டாவது, தங்குகிறவருக்குப் பூட்டும் தண்ணீரும் உள்ள ஒரு வீடு வேண்டும். பெண் பிள்ளைகள் அதிகம் படிக்கும் துறை இது. இருட்டில் தனியாக ஒரு பாழடைந்த குவார்ட்டர்ஸில் விட்டுவிட்டு, களப்பயிற்சி என்று பெயர் வைக்கக் கூடாது. இரண்டு இரண்டு பேராக அனுப்பலாம். வாகனத்துக்கும் வாடகைக்கும் தனிக் கணக்குத் தலைப்பு வேண்டும். "களப் பயிற்சி" என்று ஒரு வரி பட்ஜெட்டில் ஏறிவிட்டால், என்னைப் போன்ற குமாஸ்தாக்கள் தடுக்க முடியாது.

மூன்றாவது, அங்கே சொல்லித்தர ஆள் வேண்டும். மாவட்ட சுகாதார அலுவலருக்குக் கல்லூரியில் ஆசிரியர் தகுதி கொடுங்கள், பேராசிரியருக்கு ஒரு வட்டாரத்தின் பொறுப்பைக் கொடுங்கள். இரண்டு இயக்குநரகமும் ஒரே தாளில் கையெழுத்துப் போடட்டும். கிராம சுகாதார செவிலியரையும் ஆசிரியராக மதித்து, அவர் தரும் மதிப்பெண்ணுக்கும் ஓர் இடம் வைக்கலாம். எந்த வீட்டில் எப்போது போனால் கதவு திறக்கும் என்பதை அவரைவிடச் சொல்லித்தரக்கூடியவர் இல்லை.

நான்காவது, பாட்டி கேட்டது. ஆய்வுக்கட்டுரையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுப்பதற்கு முன், கேள்வி கேட்ட ஊருக்குத் திரும்பி வந்து கண்டதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஊர்க்கூட்டம் நடந்ததற்கு ஊராட்சியின் ஒப்புதல் இல்லாமல் பட்டம் கிடையாது என்று ஒரு விதி போடுங்கள். விதி போடுவதில் நாம் சளைத்தவர்கள் இல்லையே.

மறுப்புகள் எனக்குத் தெரியாமல் இல்லை. மலையில் முதலில் தேவை பிரசவம் பார்க்கும் டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும்தான், தடுப்பு டாக்டர் பிறகு வரட்டும் என்று என் மைத்துனரே சொல்கிறார். அவருடைய அண்ணன் மகளை வலியோடு வண்டியில் ஏற்றி அத்தனை வளைவும் இறங்கியவர் அவர். அந்த ராத்திரியைப் பற்றிப் பேசினால் இன்றும் குரல் கம்மிவிடும். அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். அந்த டாக்டர்களும் வேண்டும். ஆனால் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் குறைவு, யாருக்குப் போன பிரசவம் கஷ்டமாக இருந்தது, யாரை நாள் நெருங்குமுன்பே கீழே கொண்டுபோய் பிரசவ காத்திருப்பு அறையில் தங்கவைக்க வேண்டும் என்று எட்டாம் மாதமே பட்டியல் போடுவதும் ஒரு டாக்டர் வேலைதான். அந்தப் பட்டியல் சரியாக இருந்தால் நடுராத்திரி வண்டி ஓட்டம் குறையும்.

இன்னொரு மறுப்பு, இப்படி அனுப்பினால் புறநோயாளி பார்க்கும் சம்பளம் குறைந்த ஆளாக அவர்களைப் பயன்படுத்திவிடுவார்கள் என்பது. அந்த ஆபத்து உண்மையிலேயே உண்டு. டாக்டர் இல்லாத இடத்தில் ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தால் வரிசை தானாக வரும். அதனால் காலையில் இரண்டு மணி நேரம் நோயாளி, மீதி நேரம் ஊர் என்று எழுதிவைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் நோயாளியைப் பார்ப்பதும் நல்லதுதான். ஒரே வாரத்தில் ஒரே ஊரிலிருந்து ஐந்து பேர் காய்ச்சலோடு வந்தால் அங்கே என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கத் தோன்ற வேண்டும். அந்தத் தோன்றுதல்தான் பயிற்சி.

அரசின் விதிமுறையே மலையை வேறாகப் பார்க்கிறது. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்றால், மலைப் பகுதிக்கு 20,000 பேருக்கு ஒன்று என்று கணக்கு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கின்றன, நடை அதிகம், அதனால் அந்தச் சலுகை. கட்டடத்துக்கு இருக்கும் அந்தப் புரிதல் படிப்புக்கும் வர வேண்டும்.

போன வாரம் அந்த மருத்துவப் பெண் போன் செய்தார். இப்போது வேறொரு மாவட்டத்தில் பணி. அங்கும் புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்களிடம் முதலில் இதைத்தான் சொல்கிறாராம்: விடியற்காலையில் ஒரு வீட்டிலாவது போய் உட்கார்ந்து பாருங்கள். எங்கள் தெருவில் யார் யாருக்குக் குழந்தை பிறந்தது, என்ன எடை என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விசாரித்தார். ஒன்றரை மாதம் தங்கியவருக்கு இத்தனை வருஷம் கழித்தும் பெயர்கள் மறக்கவில்லை.

பாட்டியிடம் சொன்னேன். "அந்தக் காப்பி டாக்டரம்மாவா?" என்றாள். வேனில் வந்தவர்களைப் பற்றி அவள் இப்போது கேட்பதில்லை. ஆனால் அவர்கள் கொடுத்துவிட்டுப் போன அச்சடித்த தாளை இன்னும் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாள். திரும்பி வந்தால் காட்ட வேண்டுமாம்.